வலது முன் டயர்

எதற்கு என்று கேட்காமல் ஜெயபாலன் அண்ணன் யாருக்கும் டயர் விற்க மாட்டார். ஜொகூர் மாசாயில் அவர் கடைக்குள் வண்டியை விட்டதும் முதல் கேள்வி அதுதான்.

"ரோட்டுக்கா, கோனுக்கா, டிராக்குக்கா?"

ரோடு என்றால் வேலைக்குப் போய் வருவது. கோன் என்றால் ஆட்டோகிராஸ். காலி மைதானத்தில் ஆரஞ்சுக் கோன்களை வைத்து, அவற்றைச் சாய்க்காமல் வளைந்து வளைந்து ஓட்டி, யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று பார்க்கும் போட்டி அது. டிராக் என்றால் பந்தயத் தடத்தில் ஒரு நாள் முழுக்கச் சொந்த வண்டியை விரட்டுவது. மூன்றுக்கும் ஒரே டயர் கேட்டு வருகிறவர்களை அவர் ஏற இறங்கப் பார்ப்பார்.

"ஒரே சப்பாத்தப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்கும் போவேன், பந்தும் ஒதைப்பேன், செம்பனைத் தோட்டத்துக்குள்ளயும் எறங்குவேன்னா எப்படிலா?"

நான் எப்போதும் மூன்றுக்கும் என்றுதான் கேட்டிருக்கிறேன். அவரும் என்னைத் திட்டிக்கொண்டே தேடிக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் கேட்டு முடிப்பதற்குள் என் கணவர் ரூபேந்திரன் பதில் சொல்லிவிட்டார்.

"ரோட்டுக்கு மட்டும் போதும்ணே. சத்தம் இல்லாததா, ரொம்ப நாளைக்கு வர்றதா பாத்துப் போட்டுடுங்க."

ஜெயபாலன் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன்.

"வாசுகி, நீ என்ன சொல்ற?"

"சரிண்ணே," என்றேன். அந்த மாதங்களில் நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சத்தமில்லாத டயரின் ரப்பர் கெட்டியானது. அதைப் போட்டுக்கொண்டு கோன்களுக்கு நடுவே போனால் வண்டி திரும்பாது, நேராகப் போய் வேலியில் நிற்கும். ஒரு தடவை மாட்டிவிட்டால் நாலைந்து வருடத்துக்கு மாற்றத் தேவையும் இருக்காது. அதாவது இனி நான் போட்டிக்குப் போகப்போவதில்லை என்று அர்த்தம். அது எனக்கும் தெரியும், என் கணவருக்கும் தெரியும். என் வாழ்க்கையில் எனக்கென்று நானே தேடிக்கொண்டது அந்த ஒன்றுதான். அது கண்ணெதிரே கைவிட்டுப் போகிறது, எனக்கோ ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய உதடோ போல இருக்குமே, அப்படி இருந்தது.

வண்டி என்னுடையது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய சத்ரியா கார். பாசிர் கூடாங்கில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் லேபில் எனக்கு வேலை. ரூபேந்திரனுக்கு அதே ஊரில் இரசாயன ஆலை ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் வேலை. முன்பெல்லாம் நான் வண்டியில் போவேன், அவர் மோட்டார் சைக்கிளில் போவார். வண்டிப் பைத்தியம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் என் போட்டிகளுக்கு வந்து, வெயிலில் குடையும் தண்ணீர்ப் போத்தலுமாக நிற்பார். கோன் ஒன்று சாய்ந்தால் என் முகம் வாடுவதற்கு முன்னால் அவர் முகம் வாடிவிடும்.

முந்தைய தடவை டயர் வாங்கியபோது இதே கடையில், இதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நானும் ஜெயபாலனும் அரை நாள் மல்லுக்கட்டினோம். அவர் செமி ஸ்லிக் போடச் சொன்னார். அதில் தண்ணீர் ஓடுகிற வெட்டுகள் பெயருக்குத்தான் இருக்கும். காய்ந்த தரையைப் பிடித்தால் விடாது. ஆனால் ஜொகூர் மழை எனக்குத் தெரியும். கன்டெய்னர் லோரிகள் அழுத்திப் போட்ட பள்ளங்களில் தண்ணீர் நிற்கும்போது அந்த டயரோடு போனால் எங்கே போய் நிற்போம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ரோட்டில்தான் நான் வேலைக்குப் போகிறேன். டிராக்குக்குப் போனால் வேறு தொல்லை. இருபது நிமிடம் விடாமல் விரட்டும்போது ரப்பர் கொதித்து இளகிவிடக் கூடாது. அந்தக் கொதிப்பைத் தாங்குகிற டயரோ கோனுக்கு ஆகாது. அங்கே ஒரு ஓட்டம் ஒரு நிமிடம்கூட இருக்காது. டயர் மெதுவாகச் சூடேறி வேலையை ஆரம்பிக்கும்போது போட்டி முடிந்து பக்கத்தில் நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருப்போம்.

கடைசியில் பக்கவாட்டில் தேய்மான எண் இருநூறு என்று அடித்திருந்த ஒரு ஜப்பான் டயருக்கு வந்து சேர்ந்தோம். குளிரிலும் பிடிக்கும், சூட்டையும் ஓரளவு தாங்கும், மழையில் பார்த்துப் போனால் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். சீக்கிரம் தேயும், இரைச்சல் போடும்.

"எதுலயும் ஃபர்ஸ்ட் வராது, எதுலயும் ஃபெயிலாவாது," என்றார் ஜெயபாலன். "உன்ன மாதிரியே."

அந்தத் தடவை டயர் மாட்டியதும் கோயிலுக்குப் போனோம். அந்த ஒரு விஷயத்தில் ரூபன் பிடிவாதக்காரர். புது டயர் என்றால் பூசை போட்டே ஆக வேண்டும். நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அவரே வண்டியில் ஏறி நசுக்கினார். பூசணிக்காயைக் கோயில் ஆள் வாங்க வந்தபோது கொடுக்காமல், கற்பூரத்தை ஏற்றி, வண்டியைச் சுற்றி அவரே தரையில் போட்டு உடைத்தார். நான் வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டு, "முடிஞ்சுதா, பசிக்குது," என்று அவசரப்படுத்தினேன். மறுநாள் போட்டியில் பெண்கள் பிரிவில் இரண்டாவதாக வந்தேன். ரூபன் பார்க்கிறவர்களுக்கெல்லாம் அதைப் பூசணிக்காயின் புண்ணியம் என்று சொன்னார்.

அப்போதே நான் கர்ப்பமாக இருந்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு, கொஞ்சம் நாள் போகட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். சொல்வதற்கு முன் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் யாரும் எங்களிடம் முகம் சுளிக்கவில்லை. டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து, இது யாருடைய தப்பும் இல்லை, நிறையப் பேருக்கு நடப்பதுதான் என்று சொன்னார். பிறகு ஒரு மலாய் நர்ஸ் வந்து, குரலைத் தாழ்த்தி, "நாக் பாவா பாலிக்?" என்றாள். அடக்கம் செய்ய வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டாள். ரூபன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே ஒரு காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பரவாயில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று போய்விட்டாள். நாங்கள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தோம்.

ரூபனை வளர்த்தவர் அவருடைய பெரியம்மா பேச்சியம்மாள். நல்ல மனுஷி. விஷயம் கேள்விப்பட்டதும் பூண்டுக் குழம்பும் சோறுமாகப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் நின்ற வண்டியின் முன்னால் பூசையில் வைத்த குங்குமத்தின் கறை இன்னும் போகாமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தவர் கேட்டார்.

"பூசணிக்கா யாருப்பா ஒடச்சா?"

"நாந்தான் பெரியம்மா."

"வயித்துப் புள்ளக்காரி புருசன் காயி ஒடைக்கக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

அதில் கோபமே இல்லை. ஏன் குடை எடுத்துப் போகவில்லை என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். ரூபன் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "இதுக்கு ஏதாச்சும் செய்யணுமா பெரியம்மா?" என்றார்.

"இதுக்கெல்லாம் காரியம் கெடையாதுப்பா. பேரு வெக்கல, மொகம் பாக்கல. மறந்துட்டு வேலையப் பாருங்க."

நான் லேபில் வேலை செய்கிறவள். ஒரு பூசணிக்காய்க்கும் என் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அதை ரூபனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறப்பதே மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது.

அதற்குப் பிறகு, யாரும் முடிவு செய்யாமலே, வண்டிச் சாவி அவர் கைக்குப் போய்விட்டது. "நீ ரெஸ்ட் எடு வாசு, வண்டிய நான் பாத்துக்கிறேன்," என்றார். சரி என்றேன். நான் ஆலை பஸ்ஸில் போனேன், எண்ணெயைக் குழாயில் ஊற்றி நிறம் பார்த்தேன், பஸ்ஸில் திரும்பி வந்தேன். மோட்டார் சைக்கிள் வாசலில் தூசி பிடித்தது. காலை ஷிஃப்ட் முடிந்து வர வேண்டியவர் பொழுது சாய்ந்துதான் வந்தார். ஓவர் டைம் என்றார். அதற்கும் சரி என்றேன். இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

போன வாரம் வந்து, "டயர் முடிஞ்சிருச்சு, மாத்தணும்," என்றார். முடிந்திருக்கக் கூடாது. இன்னும் ஒரு வருடம் வர வேண்டிய டயர் அது. எங்கேயோ மூலையில் அப்படி ஒரு எண்ணம் எழுந்து, அங்கேயே படுத்துவிட்டது.

கடையில் வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். வெளியே மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜெயபாலன் உள்ளே போய் சத்தமில்லாத டயர்களாகத் தேடி உருட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து வண்டிக்குப் பக்கத்தில் போனேன். காரணம் ஒன்றும் இல்லை. கழற்றுவதற்கு முன்னால் டயரைக் கையால் தடவிப் பார்ப்பது என் பழக்கம், கால் தானாகப் போயிற்று.

இடது பின் டயர் நன்றாக இருந்தது. வலது பின் டயரும் பரவாயில்லை. இடது முன் டயரில் வெட்டுகள் இன்னும் ஆழமாக இருந்தன. யார் இதை முடிந்துவிட்டது என்று சொன்னது? சுற்றி வந்து வலது முன் டயரில் கையை வைத்தேன்.

வெளி ஓரம் மொட்டையாக இருந்தது. வெட்டுகளே இல்லை. ரப்பர் சுருண்டு சுருண்டு விளிம்பில் திரண்டிருந்தது. டயர் எவ்வளவு மடிகிறது என்று பார்ப்பதற்காகப் பக்கவாட்டில் ஒரு சின்ன முக்கோணம் அடித்திருப்பார்கள். தேய்மானம் அந்த முக்கோணத்தையும் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது. போட்டியில்கூட நான் அந்த முக்கோணத்தைத் தாண்டியதில்லை.

இந்த டயர் வேலைக்குப் போய் வந்து தேய்ந்தது இல்லை. யாரோ இந்த வண்டியை ஸ்டியரிங்கைத் திருப்பியபடியே வைத்து, விடாமல், வேகமாக, ஒரே பக்கமாக ஓட்டியிருக்கிறார்கள்.

"என்னங்க," என்றேன். "இது எப்படி இப்படி ஆச்சு?"

ரூபன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "ரவுண்டபவுட்ல தெனமும் சுத்தி வரேன்ல. அதான்."

"ரவுண்டபவுட்ல வலதுக்குத்தான் சுத்துவோம். வலதுக்குச் சுத்துனா வண்டி பாரம் எடது டயர்லதான் விழும், எடதுதான் தேயும். இது எடது பக்கமாவே திரும்பித் தேஞ்ச டயரு."

புது டயரைத் தூக்கிக்கொண்டு வந்த ஜெயபாலன் குனிந்து அந்த ஓரத்தைப் பார்த்தார். "அலமாக்," என்று அதிர்ந்துபோய் மெதுவாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்தார், ரூபன் முகத்தைப் பார்த்தார், கையில் இருந்த டயரைச் சுவரில் சாய்த்தார்.

"நான் கோப்பி கலக்கிட்டு வரேன்," என்று பின்கட்டுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. வந்ததும் நானே ஆச்சரியப்பட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குள் வந்த முதல் விருந்தாளி அது. நான் எண்ணெய்க் குழாயை வெறித்துக்கொண்டு செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன், இந்த மனுஷன் ஓவர் டைம் என்று பொய் சொல்லிவிட்டு என் வண்டியை எடுத்துக்கொண்டு போய் விளையாடியிருக்கிறார்.

"யாரோட போனீங்க?"

"யாரோடயும் இல்ல."

"எங்க?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காட்டுறேன்," என்றார்.

வண்டியை இறக்கச் சொன்னேன். கையை நீட்டினேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். சீட்டு அவர் காலுக்குத் தக்கபடி பின்னால் தள்ளியிருந்தது. அதை முன்னால் இழுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ரோடு ஈரமாக இருந்தது. மொட்டை டயரோடு போகிறோம் என்ற நினைப்பில் லோரிகளுக்கெல்லாம் வழிவிட்டுக் கிழவி மாதிரி ஓட்டினேன். அவர் வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டை விட்டுத் திரும்பினால், முன்பு ஏதோ கம்பெனி லோரிகளை நிறுத்தி வைத்திருந்த ஒரு சிமெண்டுத் திடல் இருக்கிறது. கம்பெனி போய்விட்டது. வேலி சாய்ந்து கிடந்தது. சிமெண்டு வெடிப்புகளில் லாலாங் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

திடலின் நடுவில் ஒரு ஆரஞ்சுக் கோன் நின்றது. என்னுடையதுதான். பயிற்சிக்காக வண்டியின் பின்னால் போட்டு வைத்திருந்தது. அதைச் சுற்றி ஒரு வட்டம். மழை கழுவியும் போகாத கறுப்பு. ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை தடவை சுற்றினால் சிமெண்டில் ரப்பர் அப்படிப் படியும் என்று எனக்குத் தெரியும். விளையாடுகிறவன் எட்டுப் போடுவான், குறுக்கே போவான், வண்டியைச் சறுக்க விடுவான். இங்கே அந்த ஒரு வட்டத்தைத் தவிர வேறு ஒரு கோடுகூட இல்லை.

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"மொதல்ல தேச்சிடணும்னுதான் நெனச்சேன்," என்றார் ரூபன். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "அந்தப் பழத்து மேல நாந்தானே ஏத்துனேன். அந்த டயரு வாசல்ல நிக்கிறதப் பாக்க முடியல வாசு. கழட்டிப் போடலாம்னா, நல்ல டயர ஏன் கழட்டுறீங்கன்னு நீ கேப்ப. தேஞ்சு போச்சுன்னா மாத்தித்தானே ஆவணும்."

"நான் கேட்டிருக்க மாட்டேன்," என்றேன்.

"ம். அது எனக்குத் தெரியாம போச்சு."

இரண்டு பேரும் கோனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. ஓட்டுகிறவளுக்கு வருகிற சந்தேகம்.

"ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சுத்தியிருந்தா எல்லாம் ஒண்ணா தேஞ்சிருக்கும். ஏன் ஒரே பக்கமா சுத்துனீங்க?"

அவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

"வலமாச் சுத்த மனசு வரல," என்றார். "அது சாமிக்கு."

"அப்ப இது?"

"அப்பாவுக்குக் கொடம் தூக்குனேன்ல. அப்ப எடமாத்தானே சுத்தச் சொன்னாங்க."

எனக்கு அது ஞாபகம் இருந்தது. என் மாமனார் இறந்தபோது சுடலைக்கு நானும் போயிருந்தேன். தோளில் தண்ணீர்க் குடத்தோடு ரூபன் இடது பக்கமாகச் சுற்ற, பின்னாலேயே ஒரு பெரியவர் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போட்டார். மூன்றாவது சுற்று முடிந்ததும் குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைக்கச் சொன்னார்கள். திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார்கள். ரூபன் நடந்தார். மறுநாள் இட்லி சாப்பிட்டார். ஒரு வாரத்தில் சிரிக்கவும் சிரித்தார்.

"காரியம் கெடையாதுன்னு பெரியம்மா சொல்லிட்டாங்க," என்றார். "ஆஸ்பத்திரியிலயும் கையில எதுவும் குடுக்கல. நாம கேக்கவும் இல்ல. நான் வேற என்ன செய்யிறது? அங்கன்னா மூணு சுத்துதான் வாசு. போதும்பா, போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போன்னு சொல்றதுக்கு ஆளு இருந்தாங்க. இங்க யாரு இருக்கா சொல்றதுக்கு? நிறுத்துனா விட்டுட்டுப் போற மாதிரி இருக்கும். மறுநாளு வந்துடுவேன்."

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் வராத அழுகை, பூண்டுக் குழம்புக்கு முன்னால் வராத அழுகை, அந்தப் பாழாய்ப்போன லோரித் திடலில் வந்தது. மூக்கு ஒழுக, சத்தமாக அழுதேன். அவரும் அழுதார். எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தது, அது செத்துப்போய்விட்டது. இதை நாங்கள் இருவரும் அதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. அப்போதும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

"வாசு, டயரு மொட்ட."

"தெரியும். பெல்ட்டப் போடுங்க."

அந்தக் கறுப்பு வட்டத்துக்குள் வண்டியை இறக்கி, ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பிப் பிடித்தேன். ஈரச் சிமெண்டில் வலது முன் டயர் வழுக்கப் பார்த்தது. வழுக்க விடாமல், அவர் போட்ட கோட்டிலிருந்து அரை அடி விலகாமல் மெதுவாகச் சுற்றினேன். ரூபன் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கோனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் அவர் உதடு அசைந்தது, என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது சுற்று முடிகிற இடத்தில் ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்பி, கோனை இடித்துச் சாய்த்தேன். இத்தனை வருட ஓட்டத்தில் நான் வேண்டுமென்றே சாய்த்த ஒரே கோன் அது.

பின்பக்கம் காட்டும் நடுக்கண்ணாடியை மேல் பக்கமாகத் தள்ளிவிட்டேன்.

"போதும்," என்றேன். "திரும்பிப் பாக்காதீங்க."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேலி தாண்டி ரோட்டுக்கு வரும்வரை அவர் கழுத்து விறைப்பாக இருந்தது. அதற்குப் பிறகு சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். மாசாய் வரும்வரை தூங்கினார். எத்தனை நாள் தூக்கமோ.

கடையில் ஜெயபாலன் கலக்கி வைத்த கோப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவர் எதுவும் கேட்கவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, சத்தமில்லாத டயர் பக்கம் போனவர் பாதியில் நின்றார்.

"கேக்காம விக்கிறது என் வழக்கமில்ல. எதுக்கு?"

அடுத்த மாதம் ஒரு போட்டி இருந்தது. போவேனா என்று எனக்குத் தெரியவில்லை. உதட்டில் ஊசி மரப்பு இன்னும் முழுக்க விடவில்லை. ஆனால் டயர் வாங்குகிறவள் போகிற இடத்துக்குத்தான் வாங்க வேண்டும்.

"மூணுக்கும்," என்றேன்.

"மறுபடியும் அதே சப்பாத்தா?"

"அதேதாண்ணே. இருநூறு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். ரூபன் ஆறின கோப்பியை எடுத்து, மேலே படிந்த ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு, எனக்கு நீட்டினார்.

புது டயர்களை மாட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கழற்றிய நாலையும் ஜெயபாலன் வாசலில் அடுக்கி வைத்திருந்தார். மொட்டை டயர் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஒண்ணுதான் போச்சு, மத்த மூணும் நல்லாத்தான் இருக்கு," என்றார். "பாவா பாலிக்கா?"

ரூபன் சட்டென்று என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. நான் மேலே பார்க்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்ணே," என்றேன். "இங்கயே இருக்கட்டும்."